உட்காராத முடிதிருத்துநர்

கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, முடிச்சுக்குள் ஒரு விரலை விட்டு இறுக்கம் பார்த்தவுடன், அவர் நாற்காலியை ஒருமுறை முழுதாகச் சுற்றி வருவார். கத்தரிக்கோல் இன்னும் மேசைமேல்தான் கிடக்கும். இடப்பக்கம் சற்று நிற்பார், பின்னால் சற்று நிற்பார், வலப்பக்கம் வந்து கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்து "ம்" என்பார். புதிதாக வருகிறவர்கள் இதைத் தொழில் நேர்த்தி என்று எடுத்துக்கொள்வார்கள். பல வருடமாக அவரிடம் முடி வெட்டிக்கொள்ளும் நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். தலையை ஆராய்வது அதில் பாதிதான். மறுபாதி, கால்களுக்குப் போடும் தீனி.

கடைக்கு வருகிறவர்கள் அவருக்குப் பம்பரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாசலில் நின்று, "பம்பரம் இருக்காரா?" என்று கேட்பார்கள். "இருந்தா அது எப்படிங்க பம்பரம்? சுத்திக்கிட்டிருக்காரு, உள்ள வாங்க" என்று இரண்டாவது நாற்காலியில் வேலை செய்யும் மைத்துனர், அவருடைய மனைவியின் தம்பி, பதில் சொல்வார். பம்பரத்துக்குக் கோபம் வராது. "சுத்துற வரைக்கும்தான் நிக்கும் மாப்ள, தெரியுமில்ல?" என்பார்.

கடை நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். இரண்டு நாற்காலிகள், எதிர்ச் சுவரில் ஒரே நீளக் கண்ணாடி, காத்திருப்போருக்கு ஒரு பெஞ்சு, மூலையில் வெந்நீர்த் துண்டுகள் ஊறும் பாத்திரம். அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மைத்துனரையும் கேட்டேன். தானும் பார்த்ததில்லை என்றார். ஆள் இல்லாத வேளையில் பம்பரம் தரையைக் கூட்டுவார், முடி இல்லாத தரையையும் கூட்டுவார். சீப்புகளை நீளவாரியாக அடுக்குவார், பிறகு கலைத்து அகலவாரியாக அடுக்குவார். உறவில் எந்த வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் நாற்காலி எடுத்துப் போடுவது, தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது, வந்தவர்களை வாசல்வரை கொண்டுவிடுவது எல்லாம் அவர்தான். "ஓடி ஓடிச் செய்யற மனுஷன்" என்று உறவினர்கள் மெச்சிக்கொள்வார்கள். அவர் மனைவி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

உட்கார்ந்தால் அவருடைய கால்கள் சும்மா இருப்பதில்லை. அதைச் சொல்லச் சொன்னால் அவர் சொல்வது இப்படி: "வலி இல்லைங்க ஐயா. வலின்னா நல்லாருக்கும், வலிக்குதுன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிடலாம். இது எலும்புக்குள்ள சோடா ஊத்தின மாதிரி. நுரைக்கும். எழுந்து நாலு எட்டு வச்சா அடங்கும். உக்காந்தா மறுபடியும் மூடியத் தொறந்தாச்சு."

அவர் மனைவி ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறவர், பேச்சில் கணவரைவிடக் கூர்மை. "கல்யாணமான புதுசுல இவரு உதைக்கிறாருன்னு எங்கம்மாகிட்ட போய் அழுதேன். 'குடிச்சிட்டா?'ன்னு கேட்டாங்க. 'இல்லம்மா, தூங்கிக்கிட்டே'ன்னேன். அம்மா நம்பல" என்றார். "இப்ப ரெண்டு கட்டிலு. நடுவுல நாலு பேரு நடக்கலாம். நடக்கிறது இவரு ஒருத்தருதான்."

இருவர் சொன்னதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில்தான் வேறுபாடு. திருமணத்துக்குப் பிறகு வந்தது என்கிறார் மனைவி. பள்ளிக்கூடத்திலேயே இருந்தது என்கிறார் கணவர். காலை ஆட்டாதே என்று வாத்தியார் முட்டியில் பிரம்பால் தட்டியதை இன்றும் முட்டியைத் தொட்டுக் காட்டிச் சொல்கிறார். ஆகவே இந்த ஒன்றில் அவர் சொல்வதையே எடுத்துக்கொண்டேன்.

கால்களைவிட அவரைப் படுத்துவது வேறொன்று. "காலு சாயங்காலம்தான் வரும் ஐயா. மனசு மத்தியானமே வந்து எடம் பிடிச்சு உக்காந்துக்கும்" என்பார். வெயில் இறங்கத் தொடங்கினால் பேச்சு குறையும். இன்று வருமா, எந்தக் கால், சாப்பிடும்போதா, படுத்த பிறகா என்று உள்ளே விசாரணை நடக்கும். இளவயதில் ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார். டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சிரித்து அனுப்பிவிட்டாராம். அதன் பிறகு நெடுநாள் வெளியாள் எவரிடமும், மைத்துனரிடம்கூட, அவர் இதைப் பேசவில்லை. "டென்ஷனால காலா, காலால டென்ஷனான்னு எனக்கே இன்னும் பிடிபடல" என்கிறார். கேட்கிறவருக்குச் சிரிப்பு வருவதைத் தப்பென்றும் அவர் சொல்வதில்லை. காலை ஆட்டுகிறவன் மரியாதை தெரியாதவன் என்று பெயர் வாங்குவதைவிட, நின்றுகொண்டே சாப்பிடுகிறவன் கொஞ்சம் கிறுக்கு என்று பெயர் வாங்குவது மேல் என்பது அவர் முடிவு. சாப்பாட்டுத் தட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். சினிமாவுக்குப் போனால் கடைசி வரிசை, ஓர இருக்கை.

தனக்கென்று சில வைத்தியங்களும் வைத்திருக்கிறார். பொழுது சாயும்போது கெண்டைக்காலில் வெந்நீர்த் துண்டைச் சுற்றிக்கொள்வார். அதற்கு மசியாத நாளில் குழாயடியில் நின்று குளிர்ந்த நீர் விட்டுக்கொள்வார். படுத்த பிறகு தலைகளை நினைப்பார். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் உச்சந்தலையில் சுழி எங்கே, எந்தப் பக்கம் சுற்றுகிறது, இரட்டைச் சுழியா என்று ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்குப் போவார். மனத்துக்கு வேலை கொடுத்தால் கால் கொஞ்சம் மறக்குமாம். "வராம இருக்கணும்னு பல்லக் கடிச்சுக்கிட்டுப் படுத்தா கண்டிப்பா வரும். வந்தா எழுந்து நடந்துக்கலாம்னு படுத்தேன்னா, செல நாள் ஏமாந்து வராமப் போயிடும்" என்றார்.

இப்படிக் காலும் மனமும் ஒரு மாதிரியாகச் சமாதானமாகிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கண்ணாடி மங்கியது.

கடைக் கண்ணாடியில் ஆவி படிந்ததுபோல் தெரிகிறது என்று துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். சோப்பு நீர், பழைய செய்தித்தாள், ஷேவிங் நுரை எல்லாம் போட்டுப் பார்த்தார். ரசம் போய்விட்டது என்று முடிவு செய்து புதுக் கண்ணாடியே வாங்கி மாட்டிவிட்டார். புதுக் கண்ணாடியிலும் அதே ஆவி. "மச்சான், கடையில நாலு கண்ணு இருக்கு. ரெண்டுக்கு மட்டும்தான் கண்ணாடி அழுக்கா இருக்கு" என்று மைத்துனர் சொன்ன பிறகுதான் விஷயம் அவருக்குப் புலப்பட்டது. இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றியிருக்கிறது, சிறிய அறுவைசிகிச்சை போதும் என்று கண் மருத்துவமனையில் சொன்னார்கள்.

தேதி கொடுத்தார்கள். அன்று கடையில் கூட்டம் என்று போகவில்லை. மறுபடி கொடுத்தார்கள். சளி பிடித்திருக்கிறது என்றார். பிடித்திருக்கவில்லை. இதற்கிடையில் ஒரு காலை என் தாடையோரம் சவரக்கத்தி லேசாகக் கீறியது. கீறல் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் படிகாரக் கட்டியை எடுத்து அழுத்திவிட்டு, மீதிச் சவரத்துக்கு மைத்துனரைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து சவரத்துக்கு வருகிறவர்களை மைத்துனரின் நாற்காலிக்கு அனுப்பத் தொடங்கினார். தனக்குத் தலைமுடி வெட்டு மட்டும் வைத்துக்கொண்டார். அதிலும் காதோரம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

"ஊர்ல இருக்கிற கழுத்துலயெல்லாம் கத்திய வைக்கிறீங்க, உங்க கண்ணுல ஒரு கத்தின்னா மட்டும் ஆகலையாக்கும்" என்று மைத்துனர் சீண்டுவார். "பயந்தாங்கொள்ளி" என்று மனைவி நேரடியாகவே சொல்லிவிட்டார். அவர் மறுத்துப் பேசவில்லை. கோழை என்ற பெயரை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உண்மையான பயம் கத்தியைப் பற்றியதல்ல. மயக்க மருந்து கிடையாது, கண்ணில் சொட்டு மருந்துதான், விழித்தபடியே அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். கத்தியின் கீழ் இருக்கும் ஆள் அசைந்தால் என்ன ஆகும் என்பது வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். "தாடையில அசைஞ்சா கீறல். கண்ணுக்குள்ள இருக்கும்போது என் காலு துள்ளிச்சுன்னா?" என்று பின்னாளில் என்னிடம் கேட்டார். கண் போனால் கத்தரிக்கோலும் போய்விடும். "அப்புறம் வீட்ல உக்காருன்னு சொல்வாங்க. எங்க ஐயா உக்கார்றது?"

ஆகவே ஒரு தொழிலாளி செய்யக்கூடியதைச் செய்தார், ஒத்திகை பார்த்தார். ஒருநாள் மாலை கடையைச் சாத்திய பிறகு, சவர நாற்காலியைப் பின்னால் சாய்த்து அதில் படுத்துக்கொண்டார். முகத்தில் வெள்ளைத் துணியைப் போட்டு வலது கண் இருக்கும் இடத்தில் மட்டும் விலக்கிக்கொண்டார். மைத்துனரைத் தலைமாட்டில் நிற்கவைத்து, கையில் ஒரு சீப்பைக் கொடுத்து, "இதான் கத்தி. நான் அசையறேனான்னு பாரு" என்றார். மனம் அமைதியாக இருக்கட்டும் என்று, தூக்கம் வரும் ஒரு சளி மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி முன்கூட்டியே போட்டிருந்தார். தவறு அங்கேதான். அந்த வகை மாத்திரை சிலருக்கு இந்தக் கால் தொல்லையைத் தூண்டிவிடும் என்பது அவருக்குத் தெரியாது.

மைத்துனர் முதலில், "நோயாளி, பேர் என்ன?" என்று கேலியாகத்தான் ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் வலது கால் ஒரு வெட்டு வெட்டியது. பிறகு இடது. பம்பரம் கைப்பிடியை இறுகப் பற்றினார். பற்றப் பற்றக் கால்கள் மேலும் துள்ளின. தண்ணீர்ப் பாட்டில் ஒரு பக்கம் பறந்தது, பவுடர் டப்பா ஒரு பக்கம் பறந்தது. மைத்துனர் சிரித்தார். துணிக்குக் கீழே வாய் மட்டும் தெரிந்தது, அந்த வாய் சிரிக்கவில்லை. மைத்துனர் சீப்பைக் கீழே வைத்தார்.

"மச்சான், இது பயம் இல்ல போல இருக்கே."

துணிக்குள் இருந்தபடியே அவர் எல்லாவற்றையும் சொன்னார். முகத்தில் துணி இருந்ததால்தான் சொல்ல முடிந்தது என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

கடையில் குழந்தைகளுக்கு முடி வெட்டுவதில் பம்பரத்துக்கு ஒரு முறை உண்டு. அசையாதே என்று எந்தக் குழந்தையிடமும் சொல்ல மாட்டார். கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்து, "இப்ப ஆட்டிக்க" என்பார். குழந்தை தலையை ஆட்டித் தீர்க்கும். தோளில் தட்டினால் நிறுத்தும். அப்புறம் வெட்டுவார். ஆனால் ஆடுகிற குழந்தை என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "ஆடுற பிள்ளை பிரச்சினை இல்ல, ஆடும்னு சொல்லாத அம்மாதான் பிரச்சினை" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

மைத்துனர் பவுடரைக் கூட்டிக்கொண்டே கேட்டார்: "பிள்ளைங்க அம்மாவுக்கெல்லாம் பாடம் நடத்துறீங்களே மச்சான். ஆஸ்பத்திரியில ரெண்டு தடவ தேதி வாங்கினீங்க. காலப் பத்தி டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

பம்பரம் எழுந்து தண்ணீர்ப் பாட்டிலைத் தேடி எடுத்தார்.

"அப்ப நீங்கதான் அந்தச் சொல்லாத அம்மா."

அடுத்த நாளே மூவருமாகப் போனார்கள். மனைவி ரொட்டிக் கடையில் வேலை முறையை மாற்றிக்கொண்டு வந்தார். கண் மருத்துவரின் அறையில் பம்பரம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சுற்றி வளைத்து, வீட்டில் மின்விசிறி, காற்று, தலையணை என்று எங்கெங்கோ போனார். "சோடாவச் சொல்லுங்க" என்று மனைவி முழங்கையால் இடித்தார். சொன்னார். மருத்துவர் சிரிக்கவில்லை. சாயங்காலம்தான் அதிகமா, அசையாமல் இருந்தால்தானா, நடந்தால் அடங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று சொல்லச் சொல்லக் கணவரின் முகம் இளகியதாக மனைவி சொல்கிறார். இது பலருக்கு உள்ளதுதான், இதற்கென்று ஒரு பெயரே இருக்கிறது என்றாராம் மருத்துவர். இரத்தப் பரிசோதனைக்கு எழுதி, நரம்பு மருத்துவர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். உடம்பில் இரும்புச் சத்தின் இருப்பு குறைந்திருந்தது, அதற்கு மருந்து தொடங்கியது. சளி மாத்திரையைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். சாயங்காலத் தேநீரையும் நிறுத்தச் சொன்னார்கள். தேநீர் விஷயத்தில் அவர் இன்னும் மேல்முறையீடு செய்துகொண்டிருக்கிறார்.

அறுவைசிகிச்சைக்குக் காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார்கள், காலையில் அவருக்குக் கால்கள் சாது. கூப்பிடும்வரை நடந்துகொண்டே இருங்கள் என்றார்கள். கடைசியாக மருத்துவர் சொன்னதுதான் அவரைப் போகவைத்தது. "கால் வர்ற மாதிரி இருந்தா அடக்காதீங்க. 'டாக்டர்'னு மட்டும் சொல்லுங்க. நான் கைய எடுத்துடறேன். நீங்க ஆட்டிட்டுச் 'சரி'ன்னு சொன்னப்புறம்தான் தொடுவேன்."

உள்ளே நடந்ததை அவர் சொல்லித்தான் அறிவேன். முகத்தை மூடினார்கள். வெளிச்சம் வந்தது. அவர் தலைகளை நினைக்க ஆரம்பித்தார். தபால்காரரின் இரட்டைச் சுழி, வங்கி மேலாளரின் சுழியே இல்லாத வழுக்கை, அப்புறம் என் தலை. என் தலைக்கு வந்தபோது இடது காலில் நுரை ஏறியது. பல்லைக் கடித்தார். பிறகு கடிப்பதை விட்டார். "டாக்டர்" என்றார். குரல் தனக்கே கேட்கவில்லை என்கிறார். ஆனால் எல்லாம் நின்றது. கருவியின் சத்தம் நின்றது, பேச்சு நின்றது. அவர் காலை மடக்கி நீட்டினார், பாதத்தைப் பாதத்தால் தேய்த்தார். யாரோ ஒரு செவிலியர் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்திக் கொடுத்தார். "சரி" என்றார். மறுபடி தொடங்கியது.

"இத்தன வருஷமா நான் யாரையும் நிறுத்தச் சொன்னதில்ல ஐயா. ஒரு வார்த்தைக்கு ஒரு ரூமே நின்னுச்சு" என்று என்னிடம் சொன்னபோது, கட்டு அவிழ்த்த கண்ணிலும் மற்றதிலும் ஒருசேர நீர் கோத்திருந்தது. சொட்டு மருந்து என்றார். மருந்து ஒரு கண்ணுக்குத்தான் என்பதை நான் சொல்லவில்லை.

பார்வை வந்ததும் அவர் முதலில் பார்த்தது மைத்துனரின் கைவேலையை. "இத்தன நாளா கிருதாவ இப்பிடியா கோணலா விட்டுக்கிட்டிருந்த?" என்று அலறினார். "உங்களுக்குத் தெரியாம இருந்த வரைக்கும் நேராதான் மச்சான் இருந்துச்சு" என்றார் மைத்துனர். என் தாடை மறுபடி பழைய நாற்காலிக்கு வந்துவிட்டது. கால்கள் குணமாகிவிட்டன என்று சொல்ல முடியாது. சில மாலைகள் சுமுகம், சில மாலைகள் பழைய கதை. தட்டு இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தான். மத்தியானமே வந்து இடம் பிடிக்கும் அந்த மனம் மட்டும் இப்போது கொஞ்சம் தாமதமாக வருகிறதாம்.

அண்மையில் இடது கண்ணுக்குத் தேதி வந்தது. அன்று மனைவிக்கு முறை மாற்ற முடியவில்லை, மைத்துனர் கடையைத் திறக்க வேண்டும். துணைக்கு நான் போனேன். அறுவை அரங்கத்துக்கு வெளியே நீண்ட நடைவழி. ஒரு பக்கச் சுவரோரம் நாற்காலிகள். பச்சைத் தொப்பியும் புருவத்துக்கு மேல், எந்தக் கண் என்று காட்டும் ஒட்டுச்சீட்டுமாக ஏழெட்டுப் பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இவர் மட்டும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார்.

"உக்காருங்க, இன்னும் கூப்பிடல" என்றார் புதிதாக வேலைக்கு வந்திருந்த செவிலியர்.

"உக்காந்தா என் காலு சும்மா இருக்காது சிஸ்டர். உள்ள இருக்கிற டாக்டரம்மாவுக்குத் தெரியும். நடந்துக்கிட்டே இருக்கேன்" என்றார். நடைவழி முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார்.

"என்ன, பயமா?" என்று தொப்பி போட்ட ஒருவர் சிரித்தார்.

"பயமும் இருக்குங்க. காலும் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே நாற்காலி பத்தாது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கடைசி நாற்காலியில் இருந்த ஓர் அம்மாள் சிரிக்கவில்லை. நடுவயதைத் தாண்டியவர். சால்வையை மடிமேல் விரித்து, அதற்கடியில் இரண்டு கைகளாலும் தொடைகளை அழுத்திக்கொண்டிருந்தார். பம்பரம் அவரைக் கடந்து போகும்போதெல்லாம் அந்த அம்மாளின் பார்வை அவர் பாதங்களோடு போய்ப் பாதங்களோடு திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சால்வையை மடித்து நாற்காலியில் வைத்தார். செவிலியரை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

பம்பரம் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் நடந்துகொண்டிருந்தவர் சுவரோரமாக ஒதுங்கி, அந்த அம்மாள் நடக்கப் பாதி வழியை விட்டுக்கொடுத்தார்.